30,000 ரூபாயில் ஸ்ட்ரீமருக்கு எவ்வளவு, டாக்குக்கு எவ்வளவு?

ஸ்ட்ரீமர் என்பது பாட்டை எடுத்து எண்களாகத் தரும் பெட்டி; டாக் (DAC) என்பது அந்த எண்களை ஆம்புக்குப் போகும் மின் சிக்னலாக மாற்றும் பெட்டி. ஆடியோ கிறுக்கு பிடித்த யாரிடம் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு தயாராக இருக்கும். பாதிக்குப் பாதி என்பார் ஒருவர். ஒலியை உருவாக்குவது டாக்தான், அதனால் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே என்பார் இன்னொருவர். வருவதே சரியில்லை என்றால் டாக் என்ன செய்யும், ஸ்ட்ரீமரில் போடுங்கள் என்பார் மூன்றாமவர். நான் இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான செட் ஒன்றைக் கட்டி, அளந்து பார்த்து, எங்கே குறை தெரிகிறதோ அங்கே மட்டும் பணத்தை இறக்குவது என்று ஆரம்பித்தேன்.

ஆம்பும் ஸ்பீக்கரும் பழசு, மாற்றுகிற எண்ணம் இல்லை. ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பிளக்) உள்ளீடு மட்டும் உள்ள ஸ்டீரியோ ஆம்ப், ஐந்து அங்குல வூஃபர் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அறை 12க்கு 10 அடி. கேட்பது என்னவென்றால், சிடியிலிருந்து தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கும் கச்சேரிகள், ஸ்பாட்டிஃபை, அப்புறம் அம்மாவின் யூடியூப்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்

ஸ்ட்ரீமரின் வேலை பாட்டை வலையிலிருந்தோ டிஸ்கிலிருந்தோ எடுத்து, விரித்து, எண்களாக டாக்கிடம் ஒப்படைப்பது. சிடி தரம் என்றால் நொடிக்கு 1,411 கிலோபிட். அதைவிட நுணுக்கமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவு என்றாலும் 9.2 மெகாபிட்தான். சாதாரண வீட்டு வைஃபைக்கு இது ஒரு சுமையே இல்லை. யுஎஸ்பியில் அசின்க்ரனஸ் முறையில் ஓடும் டாக்குகளில், எண்களுக்குத் தாளம் போடும் கடிகாரம் டாக்குக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு என்று டாக்தான் ஸ்ட்ரீமரை வேலை வாங்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்ட்ரீமரின் கடிகாரம் உயர்ந்ததா மட்டமா என்று கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆப்டிகல் (வெளிச்சம் போகும் கேபிள்), கோஆக்சியல் (செம்பு கேபிள்) வழியில் நிலைமை தலைகீழ். கடிகாரம் ஸ்ட்ரீமரில் இருக்கும்; வருகிற சிக்னலுக்குள்ளிருந்தே டாக் அதைப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் மேல் செருகும் நல்ல ஆடியோ போர்டுகளில் 22.5792 மெகாஹெர்ட்ஸ், 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல்கள் வைப்பது இதற்காகத்தான். முன்னது சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு, பின்னது வீடியோ ஒலியின் 48 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு. பையின் சொந்தக் கடிகாரத்திலிருந்து இந்த இரண்டையும் மிச்சமில்லாமல் வகுத்து எடுக்க முடியாது.

இதெல்லாம் எண்கள் போகிற பாதை. கூடவே வயரில் போகும் கரண்டும் எர்த்தும் இருக்கின்றனவே, என் பணத்தின் ஒரு பகுதியை அவைதான் தின்றன.

மலிவான செட்

ராஸ்பெர்ரி பை 4, 2 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பை 5 ஏன் வாங்கவில்லை என்று கடைக்காரரே கேட்டார். பாட்டு ஓட்ட அந்த வேகம் தேவையில்லை; யுஎஸ்பிக்கு முழு கரண்ட் வேண்டுமென்றால் அது 5 ஆம்பியர் அடாப்டர் கேட்கும். பழைய பை 3 கையில் இருந்தால் அதுவே போதும் என்றும் சிலர் சொல்வார்கள். ஸ்பாட்டிஃபைக்குப் போதும்தான். ஆனால் அதில் லேன் போர்ட்டும் யுஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே யுஎஸ்பி பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹார்ட் டிஸ்க், டாக், லேன் மூன்றையும் ஒன்றாக மாட்டப்போகிற எனக்கு அது தோதுப்படவில்லை. பை 4-இல் அவை தனித்தனி.

அடாப்டர் 800, 32 ஜிபி கார்டு 450, ஃபேன் இல்லாமல் சூட்டை வெளியே கடத்தும் அலுமினியப் பெட்டி 600. அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. போன் சார்ஜரில் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், மெல்லிய கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். கேபிளில் 0.2 ஓம் தடை, இழுப்பது ஒன்றரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 0.3 வோல்ட் காலி. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை தானாகவே எச்சரிக்கை காட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையே மாட்டாத ஸ்ட்ரீமரில் அந்த எச்சரிக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? பாட்டு நடுவில் விக்கும், நாம் டாக்கைத் திட்டுவோம். பைக்கென்றே விற்கும் அடாப்டரில் கேபிள் சேர்ந்தே வருகிறது, 5.1 வோல்ட் தருகிறது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மென்பொருளுக்கு மூட் ஆடியோ. இலவசம், பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம். ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை, புளூடூத் மூன்றும் உண்டு. இதற்கு எதிரே நின்றது பைகோர்பிளேயர். அது முழுக்க நினைவகத்தில் ஓடுவதால், கரண்ட் திடீரென்று போனாலும் கார்டு கெடாது. நம் ஊருக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கே தெரியும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் ஒரு காரியத்துக்கு மூட் சுலபமாக இருந்தது. கார்டு கெட்டால் கெடட்டும் என்று, எல்லாம் அமைத்து முடித்ததும் அதே போல இன்னொரு கார்டு எழுதி டிராயரில் போட்டுவைத்தேன்.

டாக் வேலைக்கு முதலில் மாட்டியது ஆப்பிளின் யுஎஸ்பி சி ஹெட்போன் அடாப்டர், வீட்டில் சும்மா கிடந்தது. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், அதிகபட்சம் 1 வோல்ட் தரும். சிடி பிளேயர்கள் வழக்கமாகத் தருவது 2 வோல்ட். அடுத்தது, யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்ன டாக், நண்பர் இரவல் கொடுத்தது. பெயர் வேண்டாம், அளவீடுகளில் நல்ல மார்க் வாங்கிய சரக்குதான்.

ட்வீட்டரில் ஒரு கீச்சொலி

இரவல் டாக்கை மாட்டி, பாட்டு எதுவும் ஓடாமல் ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தால், மெல்லிய கீச்சொலி. ஹார்ட் டிஸ்கை மூட் அலசும்போது அதன் மேல் ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. உட்காரும் இடத்திலிருந்து கேட்டால் பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் ராத்திரியில், தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த முதல் அரை நிமிடத்தில் தெரிந்தது.

போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைத் திறந்து ட்வீட்டர் முன் பிடித்தேன். 8 கிலோஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு. இந்த எண்ணைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஹைஸ்பீட் யுஎஸ்பி ஒரு நொடியை 8,000 துண்டுகளாக்கி, 125 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை பேசுகிறது. அந்தத் துடிப்புதான் எர்த் வழியாக ஆம்ப் வரை நடந்து வருகிறது. பழைய ஃபுல்ஸ்பீட் யுஎஸ்பியாக இருந்தால் இதே கீச்சு 1 கிலோஹெர்ட்ஸில் வரும்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதலில் டாக்கிலிருந்து வரும் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கினேன், சத்தம் இல்லை. ஆக, ஆம்பில் கோளாறு இல்லை. மறுபடி மாட்டி, பையை அடாப்டரிலிருந்து எடுத்து ஒரு பவர் பேங்கில் ஓடவிட்டேன். கீச்சொலி போயே போய்விட்டது. பவர் பேங்க் சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதக்கிறது. அடாப்டர், பை, டாக், ஆர்சிஏ, ஆம்பின் மூன்றாவது பின் என்று சுற்றி வந்த எர்த் வளையம் அறுந்துவிட்டது. பவர் பேங்கிலும் சத்தம் நின்றிருக்காவிட்டால் டாக்கின் உள் சப்ளையைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் பணம் வழிமாறிப் போகும். இந்தக் கீச்சொலியைக் கேட்டவர்களில் பலர் முதலில் செய்வது, டாக் மட்டம் என்று முடிவு கட்டி இரண்டு மடங்கு விலையில் இன்னொன்று வாங்குவது. வளையம் அப்படியே இருக்கும்போது புது டாக்கிலும் அது வரலாம். டாக்குக்குத் தனி அடாப்டர் இருந்தாலும் யுஎஸ்பி வயரின் எர்த் இணைந்தேதான் இருக்கிறது. அப்புறம் இரண்டாயிரம் ரூபாய் யுஎஸ்பி கேபிள், லீனியர் பவர் சப்ளை என்று வரிசையாக வரும்.

எர்த் வளையத்தை அறுக்க இரண்டு வழி. ஒன்று, யுஎஸ்பி வயரின் நடுவே மின் தொடர்பைத் துண்டிக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர். 1,100 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஏடியுஎம்4160 என்ற சிப் உள்ள போர்டு, சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இதுதான். கீச்சொலி நின்றது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு. அந்தச் சிப் 12 மெகாபிட் ஃபுல்ஸ்பீட் வரைதான் கடத்தும். டாக்கில் பழைய யுஎஸ்பி ஆடியோ முதல் வகுப்பு முறை இருந்தால் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும், இல்லையென்றால் பை அதை அடையாளமே காணாது. இன்னொன்று, போர்டின் பின்னால் இருக்கும் 1 வாட் மாற்றி அந்தப் பக்கம் 200 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. இரவல் டாக் அதற்கு மேல் கேட்டது. ஒலி ஏறினால் துண்டித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எழுந்து வந்தது. ஆப்பிள் அடாப்டர் மட்டும் அதில் சமர்த்தாக ஓடியது.

இரண்டாவது வழி ஆப்டிகல். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, அதில் வெளிச்சம்தான் போகிறது; எர்த் என்ற பேச்சே இல்லை. பையில் ஆப்டிகல் வெளியீடு கிடையாது என்பதால் மேலே செருகும் போர்டு ஒன்று, இரண்டு கிரிஸ்டல் உள்ளதாகப் பார்த்து, 2,900 ரூபாய். ஐசொலேட்டர் இப்போது லேப்டாப்பில் ஹெட்போனுக்கு உழைக்கிறது.

ஆக ஸ்ட்ரீமர் பக்கம் மொத்தம் 9,550.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் காதை நம்பாதீர்கள்

ஆப்டிகல் என்று முடிவானதும் டாக்கின் தேவைப் பட்டியல் தானாகச் சுருங்கியது. ஆப்டிகல் உள்ளீடு, 2 வோல்ட் வெளியீடு, தனி அடாப்டர். 9,200 ரூபாய்க்கு ஒன்று வந்தது. அதே சமயம் இன்னொரு நண்பரின் 80,000 ரூபாய் டாக்கும் ஒரு வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தது. ஆப்பிள் அடாப்டரையும் சேர்த்தால் மூன்று பேர் களத்தில்.

ஒப்பிடும் முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். ஒரே பாட்டு இம்மி அளவு சத்தமாகக் கேட்டால் அதைச் சத்தம் என்று காது சொல்வதில்லை. தெளிவு, ஆழம், உயிர் என்றெல்லாம் சொல்லும். 60 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் ஒரு கோப்பாக எழுதிக்கொண்டேன். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மல்டிமீட்டர்கள் மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் ஒழுங்காக அளக்கும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, டாக்கை ஆம்போடு இணைத்தபடியே ஆர்சிஏ முனையில் வைத்து அளந்தால் ஆப்பிள் அடாப்டர் 0.99 வோல்ட், என் டாக் 2.02 வோல்ட். வித்தியாசம் 6.2 டெசிபெல். மூட்டில் அந்த அளவு குறைத்ததும் இதுவும் 0.99 காட்டியது. 0.1 டெசிபெல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம்; வோல்ட்டில் அது ஏறக்குறைய 1.2 சதவீதம். விலை உயர்ந்ததையும் இதே மாதிரி இறக்கினேன்.

தம்பி ஆம்புக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்றினான், நான் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். அப்புறம் இடம் மாறிக்கொண்டோம். சமப்படுத்தும் முன்பு இரண்டு பேருமே தயக்கமில்லாமல் 2 வோல்ட் டாக்கைத் தேர்ந்தெடுத்தோம். சமப்படுத்திய பிறகு வயலின், கடம், குரல் என்று எதைப் போட்டாலும் எங்கள் பதில்கள் பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான் வந்தன.

"அண்ணே, எண்பதாயிரம் எதுன்னு தெரியலைன்னு அவர்கிட்ட சொல்லிடாதே" என்றான் தம்பி.

ஆப்பிள் அடாப்டரையே வைத்துக்கொண்டு 9,200-ஐ மிச்சம் பிடித்திருக்கலாமே என்றால், முடியும். என் ஆம்பில் 1 வோல்ட்டுக்கு வால்யூம் குமிழை இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஆம்பின் சொந்த இரைச்சல் எட்டிப் பார்க்கிறது. 2 வோல்ட் வந்தால் பதினோரு மணியில் வேலை முடிந்துவிடுகிறது. அதோடு ஆப்டிகல் உள்ளீடு. இந்த இரண்டு காரணத்துக்குத்தான் அந்தப் பணம். 16 பிட் பதிவின் மொத்த வீச்சே சுமார் 96 டெசிபெல். இன்றைய பத்தாயிரம் ரூபாய் டாக்குகள் அதைத் தாண்டி நிற்கின்றன. அதற்கு மேல் கொடுப்பது பெட்டியின் அழகுக்கும், பேலன்ஸ்டு வெளியீட்டுக்கும், ரிமோட்டுக்கும். அவற்றில் தப்பில்லை, ஆனால் ஒலிக்கென்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கடையில் யாரும் சொல்லாத ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். டாக் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்து மறுபடி மாட்டுங்கள். அதே உள்ளீட்டில் தானாக எழுந்து வருகிறதா? பல டாக்குகள் ஸ்டாண்ட்பையில் படுத்துக்கொள்ளும், சில யுஎஸ்பிக்குத் திரும்பிவிடும். கரண்ட் போய் வரும் ஊரில், ரிமோட் எங்கே என்று வீடெல்லாம் தேட வைக்கும் டாக்கில் எந்தச் சிப் இருந்தால் என்ன? நான் இரண்டு டாக்குகளுக்கு நடுவே தேர்ந்தெடுத்தது இந்தச் சோதனையை வைத்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டிலிருந்து 48-க்கு மாறும்போது சில டாக்குகளில் ரிலே 'டிக்' என்று அடித்து, பாட்டின் முதல் அரை விநாடியை முழுங்கும். தனித்தனிப் பாட்டுகளில் பரவாயில்லை. ஆனால் கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக், தனி அதற்கடுத்தது என்று வெட்டியிருப்பார்கள்; நடுவில் தம்பூரா அறுந்தால் எரிச்சல். ஒரே சிடிக்குள் வேகம் மாறாது என்பதால் அங்கே டாக் தப்பிவிடும், ஸ்ட்ரீமர் இடைவெளியில்லாமல் ஓட்டுகிறதா என்பதுதான் கேள்வி. மூட் ஓட்டுகிறது. மலிவான புளூடூத் பெட்டிகளிலும் சில ரெடிமேட் ஸ்ட்ரீமர்களிலும் இது தடுக்கி விழும் இடம், வாங்கும் முன் ஒரு கச்சேரி ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள்.

மீதிப் பணம் போன இடம்

டாக் வரைக்கும் 18,750 ஆனது. ஐசொலேட்டரைச் சேர்த்தால் 19,850. பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். அதை ஸ்ட்ரீமருக்கோ டாக்குக்கோ கூட்டிப் போடலாம். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டதில் அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை. குறை வேறு இடத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் அறையே 'ம்ம்ம்' என்று முனகியது. தவில் என்றால் கேட்கவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் ஓர் அளவீட்டு மைக், 6,500 ரூபாய். மைக்கின் சொந்தப் பிழையை ஈடுகட்டும் திருத்தக் கோப்பும் சேர்ந்து வந்தது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் மைக்கை நிறுத்தி அளந்தால், 57 ஹெர்ட்ஸில் ஒரு மலை, 48 பக்கம் ஒரு குன்று. அறையின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. நம்மூர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண். 10 அடிக்கு 57, 12 அடிக்கு 48.

இங்கேதான் பைகோர்பிளேயரை விட்டு மூட்டுக்குப் போன காரணம் வருகிறது. எண்களிலேயே ஒலியைத் திருத்தும் கேமில்லா டிஎஸ்பி மூட்டில் உள்ளடங்கி வருகிறது. ரூம் ஈக்யூ விசார்ட் கணக்கிட்டுத் தந்த வடிகட்டிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். 57 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் குறைப்பு, 48-இல் 4 டெசிபெல் குறைப்பு. பள்ளங்களைத் தூக்கும் வேலைக்குப் போகவில்லை. ஐந்து அங்குல வூஃபரை அப்படி விரட்டினால் அது உதறத்தான் செய்யும், பள்ளமும் நிரம்பாது. குறைக்க மட்டும் செய்வதால் எண்கள் உச்சி முட்டும் ஆபத்தும் இல்லை. 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கைவைக்கவே இல்லை, அங்கே ஸ்பீக்கர் செய்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது எண்கள் மாறித்தான் டாக்குக்குப் போகின்றன. பிட் பெர்ஃபெக்ட் இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. வெளியே போவது 24 பிட். மூலம் 16 பிட் என்றால் கீழே இன்னும் 8 பிட், அதாவது 48 டெசிபெல் இடம் இருக்கிறது. கணக்குப் பிழை ஒளிந்துகொள்ள அது தாராளம். தம்பியை மறுபடி உட்காரவைத்து, வடிகட்டியைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். இந்த முறை சமையலறையிலிருந்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரிந்தது. "இப்போ தவில் தனியா கேக்குதுடா" என்றார்.

இதை ஸ்ட்ரீமர் பட்ஜெட் என்பதா, டாக் பட்ஜெட் என்பதா? என் கணக்கில் ஸ்ட்ரீமர். எண்கள் எண்களாக இருக்கும்போதே திருத்துவது சுலபம், அதைச் செய்யும் இடம் ஸ்ட்ரீமர்தான். அதனால் ரெடிமேட் ஸ்ட்ரீமர் வாங்குபவர்களும் பெட்டியின் எடையைப் பார்க்காமல், வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் பாராமெட்ரிக் ஈக்யூ இருக்கிறதா என்று பார்க்கலாம். வீம் ப்ரோ மாதிரிப் பெட்டிகளில் இருக்கிறது, ஆப்டிகல் வெளியீடும் உண்டு, உள்ளேயே ஒரு டாக்கும் உண்டு. சாலிடரிங், கார்டு எழுதுவது எல்லாம் நமக்கு எதற்கு என்பவர்கள் அதை வாங்கி, உள் டாக்கோடு சில மாதம் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் வெளி டாக் சேர்க்கலாம். அதிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

மிச்சத்தில் 3,200 ரூபாய் ஆசாரிக்கு. டிவி மேசையின் இரு மூலையில் நின்ற ஸ்பீக்கர்களுக்கு 26 அங்குல உயரத்தில் வேங்கை மர ஸ்டாண்டு ஒரு ஜோடி. சுவரைவிட்டு ஒன்றரை அடி முன்னால் வந்து நிற்கின்றன. வடிகட்டி போட்டபோது கிடைத்ததில் பாதிக்குப் பாதி இந்த ஸ்டாண்டிலும் கிடைத்தது. ஸ்டாண்டு வந்த பிறகு மறுபடி அளந்து, 8 டெசிபெல் குறைப்பை 6 ஆக்கினேன்.

அம்மாவின் யூடியூப்

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து ஸ்ட்ரீமருக்கு விலை வைத்தால் இங்கே ஏமாற்றம்தான். டைடல் கனெக்ட் உண்டா, கோபஸ் உண்டா என்று அங்கே அடித்துக்கொள்வார்கள். இரண்டு சேவையும் இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. ஆப்பிள் மியூசிக் இங்கே லாஸ்லெஸ் (தரம் குறையாத) ஒலி தருகிறது, ஆனால் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களுக்கு அது ஐபோனிலிருந்து ஏர்பிளே வழியாகத்தான் வந்து சேரும். நம் வீடுகளில் உண்மையில் அதிகம் ஓடுவது யூடியூப். காலைப் பக்திப் பாட்டு, பழைய வானொலிப் பதிவு, யாரோ கேசட்டிலிருந்து ஏற்றிய கோயில் கச்சேரி, எல்லாம் அங்கேதான். யூடியூப் வீடியோவை ஒலி மட்டும் தரும் பெட்டிக்கு காஸ்ட் செய்ய முடியாது; யூடியூப் மியூசிக் என்ற தனி ஆப்பைத்தான் கூகுள் காஸ்ட் உள்ள பெட்டிக்கு அனுப்பலாம். ஆகவே அம்மாவுக்கு புளூடூத். போனில் பெயரைத் தட்டினால் போதும், ஆப் எதுவும் வேண்டாம். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், அது அவருக்குப் பிடித்திருக்கிறது. மூலமே நொடிக்கு 128 முதல் 160 கிலோபிட் அளவில் இருக்கும்போது புளூடூத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

பையில் உள்ள புளூடூத் அலுமினியப் பெட்டிக்குள் மூச்சுத் திணறுவதுண்டு. எனக்கும் அடுத்த அறைக்குப் போனால் விட்டுவிட்டு வந்தது. யுஎஸ்பியில் சின்ன புளூடூத் டாங்கிள் ஒன்றை நீட்டிப்பு கேபிளில் வெளியே தொங்கவிட்டதும் சரியானது. டாங்கிள் பழைய லேப்டாப்பின் தோள்பையில் கிடந்தது, செலவில்லை. மொத்தச் செலவு 29,550.

ஸ்ட்ரீமரையும் டாக்கையும் ஒரே பெட்டியில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. லாஜிடெக் நிறுவனம் ஸ்க்வீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர்களை 2012-இல் நிறுத்தியது, 2024-இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால், இப்போது லைரியன் என்ற பெயரில் அந்தப் பெட்டிகளை இன்னும் ஓட வைக்கிறார்கள். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019 தொடக்கத்தில் நின்றது. 2025 மார்ச்சில் உள்ளே இருந்த சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஒரே நாளில் வேலை நிறுத்தம் செய்தது, சில நாளில் சரிசெய்தார்கள். இந்தக் காலம் முழுவதும் ஆப்டிகல் உள்ளீடு அப்படியே இருக்கிறது. அதனால் ஸ்ட்ரீமர் தனியாகவும் மலிவாகவும் இருந்தால் ஐந்து வருடம் கழித்து அதை மட்டும் தூக்கிப் போடலாம், டாக்கை வைத்துக்கொள்ளலாம்.

15,000 மட்டும் இருந்தால் இதே பை, ஆப்டிகல் போர்டுக்குப் பதில் ஐசொலேட்டரும் ஆப்பிள் அடாப்டரும், ஆசாரியின் ஸ்டாண்டு. மைக்கை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்வேன். 60,000 இருந்தாலும் டாக்கும் ஸ்ட்ரீமரும் இதேதான், மீதி முழுக்க ஸ்பீக்கருக்கு. இப்போதைக்கு மிச்சமிருக்கும் 450 ரூபாயில், ரூட்டருக்கு இருக்கும் மினி யூபிஎஸ்ஸிலிருந்து பைக்கும் 5 வோல்ட் இழுக்க முடியுமா என்று பார்க்கிறேன். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் பை அணைந்து எழுவதற்குள் அம்மாவின் பாட்டு பாதியில் நிற்கிறது.